மருந்து வாசம் போக ஒரு நாள்: தாயில்பட்டியிலிருந்து கடலுக்கு

அதிகாலை நாலரை மணி. தாயில்பட்டி பேருந்து நிறுத்தத்தில் வேன் வந்து நின்றதும் முதலில் ஏறியவை தூக்குச்சட்டிகள்தாம். ஒன்றில் புளிச்சோறு, ஒன்றில் எலுமிச்சைச் சோறு, இன்னொன்றில் தேங்காய்த் துவையல். அப்பளம் நொறுங்காமல் இருக்க அதை மடியில் வைத்துக்கொள்ள ஓர் ஆள். பின்னாலேயே இரண்டு குடம் தண்ணீர். அதற்கப்புறம்தான் பதினான்கு பேரும் ஏறினார்கள். பன்னிரண்டு பெண்கள், பிளஸ் டூ படிக்கும் ஒரு மகள், ஏழு வயதுப் பேரன் ஒருவன்.

பன்னிரண்டு பேரும் பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர்கள். ஊர்ப் பேச்சில் அது ‘ஆபீஸ்’. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். அந்த ஆபீசுக்குப் போகும்போது பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும். நைலான், பாலியெஸ்டர் உரசினால் மின்பொறி வரும்; மருந்து இருக்கும் இடத்தில் அது போதும். வாசலில் செல்போனைக் கொடுத்துவிட வேண்டும். அறைக்குள் நுழையும் முன் செம்புத் தகட்டில் கை வைத்து, உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். வருஷம் முழுக்க இப்படி நடக்கிறவர்கள் இன்று வேனில் ஏறும்போது கட்டியிருந்ததெல்லாம் பளபளக்கும் சிந்தடிக் சேலை. பிளாஸ்டிக் பூ, கண்ணாடி வளையல், கையில் போன். அந்தச் சேலைகளைப் பார்த்தாலே இது லீவு நாள் என்று தெரிந்துவிடும்.

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் தீபாவளி முடிந்தால் ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும். பிறகு நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டுத் திறப்பார்கள். அந்த இடைவெளியில் கூலி கிடையாது. ஆனால் கால் ஓய்ந்து உட்காரவும் வருஷத்தில் அப்போதுதான் முடியும். ஊரை விட்டு வேன்கள் கிளம்புவது இந்த நாட்களில்தான். இந்த வேனுக்குப் பொங்கலிலிருந்தே வாராவாரம் சீட்டுக் கட்டியிருந்தார்கள். ஆளுக்கு ஒன்றரை நாள் கூலி அளவு செலவு.

போகும் இடத்தில் ஆரம்பத்தில் ஒரே பேர்தான் இருந்தது: திருச்செந்தூர். கூட்டத்தில் மூத்த அக்காவுக்கு அங்கே ஒரு நேர்த்திக்கடன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் பக்கத்து ஆலையில் சத்தம் கேட்டது. எல்லோரும் போட்டது போட்டபடி ஓடினார்கள். மருந்து செலுத்துகிற வேலையில் இருக்கும் அவர், ஓடும்போதே முருகனிடம் சொல்லிவிட்டார்: ‘கை ரெண்டும் முழுசா இருந்தா உனக்கு ஒரு கை செஞ்சு போடுறேன்.’ சிவகாசி நகைக்கடையில் வாங்கிய சிறு வெள்ளித் தகடு, கை உருவம் அச்சடித்தது, அவருடைய மணிபர்சில் மஞ்சள் துணியில் சுற்றி இருந்தது.

“சாமியக் கும்பிட்டமா, கடல்ல காலை நனைச்சமா, திரும்புனமான்னு இருக்கணும்” என்பது அவர் கட்சி. பிளஸ் டூ மகள் மறு கட்சி. இவ்வளவு தூரம் போய் வரிசையில் மட்டும் நின்றுவிட்டு வருவதா என்று கேட்டாள். ஒரு வாரம் இழுபறி நடந்து கடைசியில் நான்கு ஊர் என்று முடிவானது. போகிற வழியில் கழுகுமலை, பிறகு திருச்செந்தூர், அதைத் தாண்டி மணப்பாடு, திரும்புகையில் காயல்பட்டினம். ஒரு நாளுக்கு நான்கே அதிகம். ஐந்தாவதாக ஓர் ஊரைச் சேர்க்கச் சொல்லும் உறவினர் எந்த வேனிலும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்கக் கூடாது.

திருவேங்கடம் வழியாகக் கழுகுமலை போய்ச் சேரும்போது கிழக்கு வெளுத்திருந்தது. கீழே கழுகாசலமூர்த்தி கோயிலில் விளக்கு. மலையைக் குடைந்த கருவறையில் ஒரு முகமும் ஆறு கையுமாய் மயில் மேல் அமர்ந்திருக்கும் முருகன் இவர். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து பிறந்தது இவர் பேரில்தான். தென்மாவட்டத்துப் பாதயாத்திரைக்காரர்களின் வாயில் இன்றும் அந்த மெட்டு உண்டு. சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று பாதிப் பேர் நினைத்தார்கள். மகள் மட்டும் மலையைக் கையால் காட்டி, “அங்கே மேல” என்றாள்.

மேலே இருப்பது வெட்டுவான் கோயில். பாறையை மூன்று பக்கமும் இருபது அடிக்கு மேல் ஆழமாக வெட்டி இறக்கி, நடுவில் விட்ட ஒற்றைக் கல்லையே கோயிலாகச் செதுக்கியது. எட்டாம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். எல்லோராவில் கைலாசநாதர் கோயில் எப்படி மேலிருந்து கீழாக இறங்கியதோ அப்படித்தான் இதுவும். சிகரமும் அதன் சிற்பங்களும் முடிந்துவிட்டன; கீழ்ப்பகுதி முடியவில்லை. கல்லில் உளி பட்ட தடம் அப்படியே நிற்கிறது. விமானத்தில் தெற்குப் பக்கம் தட்சிணாமூர்த்தி இருக்கிறார். எல்லா ஊரிலும் மௌனமாகப் போதிக்கிற அவர் இங்கே மிருதங்கம் வாசிக்கிறார்.

பெண்கள் பள்ளத்தின் விளிம்பில் நின்று கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒருவர் கேட்டது வேறு எந்தச் சுற்றுலாப் பயணியும் கேட்காத கேள்வி.

“வெடி வைக்காமலா இம்புட்டுக் கல்லையும் எடுத்தாக?”

கல்குவாரிக்கு வெடி எப்படிப் போகிறது, எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு கல் பெயரும் என்று பேச்சில் வளர்ந்தவர்கள் இவர்கள். உளியும் சுத்தியலும் மட்டும் என்றால் எத்தனை பேர், எத்தனை வருஷம், கூலி யார் கொடுத்தது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஏன் முடிக்காமல் விட்டார்கள் என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. அப்பனும் மகனும் சிற்பிகள். மகன் மேலே செதுக்கும் வேலை தன் வேலையை விஞ்சிவிட்டதே என்ற பொறாமையில் அப்பனே மகனைக் கொன்றுவிட்டானாம். அரசு மாறிப் பணம் நின்றிருக்கும் என்பது நடப்பு அறிவுக்குப் பொருந்தும் காரணம். பெண்கள் இரண்டையும் கேட்டார்கள். “கூலி நின்னிருக்கும்” என்ற கட்சிக்கே ஓட்டு அதிகம் விழுந்தது.

அங்கிருந்து பாறையோடு நடந்தால் சமணர் சிற்பங்கள். பாறை முகத்தில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், ஏறத்தாழ 150 உருவங்கள். பலவற்றின் கீழே வட்டெழுத்தில் அதைச் செய்வித்தவர் யார் என்று வெட்டியிருக்கிறது. அவற்றில் குரத்தியர் பெயர்களும் உண்டு. குரத்தி என்றால் பெண் குரு. சமண சமயத்தில் ஆசிரியையாக இருந்து மாணவர்களுக்குப் பாடம் சொன்ன பெண்கள், 1,200 வருஷத்துக்கு முன்பு, தாயில்பட்டியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று முன்பின் தூரத்தில் இருந்திருக்கிறார்கள். டீச்சர் டிரெயினிங் படிக்கிற ஆசையில் இருக்கும் பிளஸ் டூ மகள் அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்க்கப் போனாள். “தொடாத, சாமி குத்தம்” என்று அத்தை தடுத்தார். சாமிக் குற்றமோ இல்லையோ, சிற்பத்துக்கு நல்லது. கை படப் படக் கல் தேயும்.

பாறை மேல் உட்கார்ந்து பார்த்தால் கரிசல் காடு முழுக்கக் கீழே விரிந்து கிடக்கிறது. கழுகுமலைக்கு இந்த நேரத்தில் வருவதுதான் சரி. ஒன்பது மணிக்குப் பாறை காலைச் சுட ஆரம்பித்துவிடும். ஒரு தூக்குச்சட்டி அங்கேயே காலியானது.

கோவில்பட்டி வந்து நான்குவழிச் சாலையைப் பிடித்ததும் வண்டி வேகமெடுத்தது. கடலைமிட்டாய்க்கு நிறுத்தச் சொன்னதை டிரைவர் தம்பி கேட்காத மாதிரி இருந்துவிட்டார். கயத்தாறில் மட்டும், 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று சொல்லி வேகத்தைக் குறைத்தார். திருநெல்வேலி தாண்டித் திருச்செந்தூர் ரோட்டில் திரும்பியதும் நிறம் மாறிவிட்டது. கறுப்பு மண்ணும் வேலிக்கருவையும் போய் வாழை, நெல், தாமிரபரணி வாய்க்கால். தண்ணீருக்கு லாரி வரும் நாளை எண்ணி வாழ்கிறவர்களுக்கு அந்த வாய்க்கால்தான் முதல் கோயில். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்கள் எதுவும் பேசாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

இந்தச் சாலை ஓரமாகவே ஆதிச்சநல்லூர் வருகிறது. முதுமக்கள் தாழிகளைத் தோண்டிய இடத்திலேயே கண்ணாடி போட்டு மூடி, மேலே நின்று பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ஸ்ரீவைகுண்டமும், நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரியும் இதே ரோட்டில்தான். ஆனால் நவதிருப்பதிக்கு ஒரு நாள் தனியாக வேண்டும். வண்டியை நிறுத்தாமல் கைகூப்பிவிட்டுப் போனதே சரி. ஸ்ரீவைகுண்டம் பக்கம் வந்தபோது 2023 டிசம்பர் வெள்ளம் பற்றிப் பேச்சு வந்தது. அந்த வெள்ளத்தில்தான் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், பாதை அரித்துப்போய், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது. தண்ணீர் இல்லாத ஊர்க்காரர்களுக்கு, தண்ணீர் அதிகமாகிப்போன ஊரின் கஷ்டம் சட்டென்று பிடிபடாது. “அம்புட்டுத் தண்ணியா!” என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பத்தரைக்குத் திருச்செந்தூர். சஷ்டி முடிந்துவிட்ட ஞாயிற்றுக்கிழமை. சூரசம்ஹாரக் கூட்டம் வடிந்திருந்தாலும் பொது தரிசன வரிசை நீளம்தான். தீபாவளி அமாவாசைக்கு ஆறாம் நாள் சூரசம்ஹாரம், மறுநாள் திருக்கல்யாணம். ஆலை லீவும் அதே நாட்களில் வருவதால், சிவகாசி வட்டாரத்து வேன்கள் அந்த வாரமே வந்து கூட்டத்தில் மாட்டிக்கொள்வது வழக்கம். ஒரு வாரம் தள்ளி வந்தது இந்தக் குழுவின் சாமர்த்தியம்.

முதலில் கடல். பிறகு நாழிக்கிணறு. உப்புக் கடலுக்குப் பக்கத்திலேயே படி இறங்கிப் போனால், ஓரடிச் சதுரத்தில் நல்ல தண்ணீர் ஊறும் கிணறு. கடலில் முங்கியவர் இதில் குளித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது முறை. ஏழு வயதுப் பேரன் இரண்டு தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்து, இது எப்படி என்று கேட்டான். முருகன் வேலால் குத்தியது என்று பாட்டி சொன்னார். கடற்கரை மணலுக்குள் மழைத்தண்ணீர் தேங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கும் என்று மகள் சொன்னாள். அவனுக்கு வேல்தான் பிடித்தது.

அறுபடை வீடுகளில் இரண்டாவது இது. கடலோரத்தில் இருப்பது இது ஒன்றுதான். ஒன்பது நிலை ராஜகோபுரம் மேற்கே நிற்கிறது. மூலவரோ கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறார். 2025 ஜூலை 7-ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. வரிசை நகர நகர, மூத்த அக்கா மணிபர்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வரிசையில் நிற்கும் நேரத்துக்கு ஏற்ற கதை ஒன்று இந்தக் கோயிலுக்கு உண்டு. 1646 முதல் 1648 வரை டச்சுக்காரர்கள் இந்தக் கோயிலைப் பிடித்து வைத்திருந்தார்கள். போர்த்துகீசியரோடு அவர்களுக்குச் சண்டை. போகும்போது சாமி சிலையையும் கப்பலில் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது ஊர் வழக்கு. நடுக்கடலில் புயல் அடிக்க, பயந்துபோய்ச் சிலையைக் கடலில் போட்டுவிட்டார்கள். வடமலையப்ப பிள்ளையின் கனவில் முருகன் வந்து, எலுமிச்சம்பழம் மிதக்கிற இடத்தில், மேலே கருடன் வட்டமிடுகிற இடத்தில் தேடு என்று சொன்னாராம். 1653-இல் சிலை திரும்பக் கோயிலுக்கு வந்தது. சன்னிதிக்கு முந்தைய வளைவில் இதைச் சொல்லிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் முன்பின் தெரியாதவர். பன்னிரண்டு பேரும் உறவுக்காரர் வீட்டில் கேட்பது போலக் கேட்டார்கள்.

தரிசனம் ஒரு நிமிஷம் கூட இல்லை. பன்னீர் இலையில் மடித்த விபூதி கைக்கு வந்தது. அந்த இலைக்குப் பன்னிரண்டு நரம்பு, முருகனின் பன்னிரண்டு கை என்பார்கள். வெளியே வந்து உண்டியல் முன்னால் மூத்த அக்கா மஞ்சள் துணியைப் பிரித்தார். வெள்ளித் தகட்டை எடுத்துத் தன் வலது கை மேல் ஒரு தடவை, இடது கை மேல் ஒரு தடவை வைத்து எடுத்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, பக்கத்தில் நின்றவர் தன் கையை நீட்டினார். அதன் மேலும் வைத்தார். அப்படியே பன்னிரண்டு பேர் கையும் ஆனது. சரம் பின்னிய கை, திரி வெட்டிய கை, வெள்ளை மருந்தின் சாம்பல் நிறம் நகக்கண்ணிலிருந்து இன்னும் போகாத கை. பின்னாலிருந்தவர்கள் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். தகடு உண்டியலுக்குள் விழுந்த சத்தம் கூடக் கேட்கவில்லை.

கோயிலுக்கு வெளியே சங்குக் கடைகள். சிப்பி மாலை, சோழி, ஊதுகிற சங்கு, பேரெழுதித் தரும் சிப்பி. பேரனுக்கு ஒரு சின்னச் சங்கு வாங்கப்பட்டது. விலை பேசும் இடத்தில்தான் மகள் ஒரு விஷயம் சொன்னாள். பள்ளியில் அவர்களை வெம்பக்கோட்டை அகழாய்வுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். வைப்பாற்றின் வடகரையில் விஜயகரிசல்குளத்தில் 2022-இல் தோண்ட ஆரம்பித்த இடம். தாயில்பட்டிக்காரர்களுக்கு எட்டிப் பார்க்கிற தூரம். அங்கே சுடுமண் உருவங்களோடும் கண்ணாடி மணிகளோடும் சேர்ந்து கிடைத்தவற்றில் சங்கு வளையல்கள் ஏராளம். சங்கு வைப்பாற்றில் விளையாது. மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுத்தது, கரிசல் காடு வரை நடந்து வந்து, நம் ஊர்ப் பக்கத்தில் வளையலாக அறுபட்டிருக்கிறது.

“அப்ப நம்ம ஊரு பொம்பளைகளும் ஏதோ ஆபீஸ் வேலைதான் பாத்திருக்காளுக” என்றார் ஒரு மதினி. கடைக்காரருக்கு எதற்கு எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. ஐம்பது ரூபாய் குறைத்தார்.

மத்தியானச் சோறு கடற்கரை மண்டப நிழலில். மறுபடி வேன். திருச்செந்தூரோடு திரும்பிவிடலாம் என்ற கட்சி இப்போது கொஞ்சம் பலமாக இருந்தது. சாப்பிட்டதும் தூக்கம், வந்த காரியம் முடிந்த நிம்மதி. மூத்த அக்காவே, “சொன்னது சொன்னதுதான், போவோம்” என்று முன் சீட்டில் ஏறினார்.

மணப்பாடு திருச்செந்தூருக்குத் தெற்கே 18 கிலோமீட்டர். நடுவில் குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் தசராவுக்கு வேஷம் கட்டிப் போகாத தென்மாவட்டத்து வீடு குறைவு. குழுவில் இரண்டு பேர் அப்படி வந்தவர்கள். இப்போது குலசைக்கு இன்னொரு பேரும் சேர்ந்துவிட்டது. இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் இங்கேதான் அமைகிறது. 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகிற ராக்கெட், இலங்கை மேல் போகாமல் இருக்க வளைந்து போக வேண்டும். அதற்கு எரிபொருள் வீணாகும். இங்கிருந்து விட்டால் நேரே தெற்கே கடல்தான். சின்ன ராக்கெட்டுகளுக்கு அது பெரிய லாபம்.

வேனுக்குள் இருந்த பன்னிரண்டு பேரில் மூன்று பேர் ராக்கெட் பிரிவில் வேலை பார்ப்பவர்கள். குச்சி நேராக இல்லையென்றால் ராக்கெட் எந்த வீட்டுக் கூரைக்குள் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். “நம்ம ராக்கெட்டு பாட்டிலுக்குள்ள நிக்கும், இது?” என்று ஆரம்பித்த பேச்சு மணப்பாடு வரை ஓடியது. கேலி போலத் தொடங்கினாலும், மருந்து ஈரம் பட்டால் என்ன ஆகும், எவ்வளவு இறுக்க வேண்டும், திரி எங்கே என்று அவர்கள் கேட்ட கேள்விகள் அசல் கேள்விகள். பதில் சொல்ல மகளின் இயற்பியல் புத்தகம் போதவில்லை.

மணப்பாட்டில் ஊருக்கு வெளியே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயம். கீழே ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கருமேனியாறு வந்து கலக்கும் கழி. 1540-இல் புயலில் சிக்கிய போர்த்துகீசியக் கப்பலின் தலைவன், பிழைத்துக் கரையேறினால் உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து நடுகிறேன் என்று வேண்டிக்கொண்டு, கப்பல் இங்கே ஒதுங்கியதும் அப்படியே செய்தான் என்கிறது ஊர் வரலாறு. அதைக் கேட்ட மூத்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மணிபர்சை மட்டும் ஒரு முறை தடவிக்கொண்டார். அவருக்கு அந்தக் கப்பல்காரன் அந்நியன் இல்லை.

1542-இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளிக்கும் கரைக்கு வந்தார். மணப்பாட்டில் கடலை ஒட்டிய குகையில் தங்கியிருந்தார். அந்தக் குகை இன்றும் இருக்கிறது. குனிந்து போய்ப் பார்க்கலாம். உள்ளே நாழிக்கிணறு போலவே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. பேரன் அதையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “இங்க யாரு குத்துனா?” என்றான். யாருக்கும் பதில் வரவில்லை. சவேரியாருக்கு முதலில் தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரர்களின் உதவியோடு ஜெபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, கடற்கரை ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தவர். மேட்டு ஆலயம் 1581-இல் கட்டப்பட்டது. செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவுக்கு எந்தச் சாமி கும்பிடுகிறவர்களும் வருவார்கள்.

இந்த மேட்டில்தான் அந்த நாளின் மிக நல்ல நேரம் கழிந்தது. காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. மருந்து அறையில் காற்றாடி கூடக் கிடையாது. காற்றடித்தால் பொடி பறக்கும். ஒருவர் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக் கடலைப் பார்த்து அப்படியே நின்றார். இன்னொருவர் தனக்குத் தெரிந்த ஒரே கிறிஸ்தவப் பாட்டை மெதுவாகப் பாடினார், பள்ளிக்கூடத்தில் கற்றது. கீழே ஊருக்குள் பனை ஓலையில் பெட்டி, கூடை முடைந்து விற்கிறார்கள். விரல் வேலை தெரிந்தவர்கள் விரல் வேலையைப் பார்த்தால் விலை கேட்க மாட்டார்கள். ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். உடன்குடியில் கருப்பட்டிக்கு மட்டும் டிரைவர் தம்பி தானாகவே நிறுத்தினார். அவர் அம்மாவுக்கு இரண்டு கிலோ.

காயல்பட்டினத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. திருச்செந்தூருக்கு வடக்கே எட்டு கிலோமீட்டர்தான். ஆனால் பத்தில் ஒன்பது வேன்கள் இதைக் கடந்து போய்விடுகின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்த ஊர் என்று செய்தியில் கேட்டதோடு சரி. மதுக்கடையும் சினிமா தியேட்டரும் இல்லாத ஊர் என்றதும் வேனுக்குள் பெருமூச்சு. அது தியேட்டருக்காக இல்லை.

மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்து எழுதிய ‘காயல்’ இந்தக் கரையில்தான் இருந்தது. அரேபியாவிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் இறங்க, பாண்டிய மன்னர்கள் வாங்கினார்கள். அந்தத் துறைமுகம் தாமிரபரணி முகத்துவாரத்தின் பழையகாயல் என்பது பிஷப் கால்டுவெல் சொன்னது. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் விலகியது. கொற்கைக்கும் அதே கதிதான். முத்துக்குப் பேர்போன துறைமுகத்தைச் சுற்றி இன்று வயல்கள். காயல்பட்டினம் தப்பி நின்று, வணிகக் குடும்பங்களின் ஊராக, அரபுத்தமிழில் எழுதிய ஆலிம்களின் ஊராகத் தொடர்ந்தது. பழைய பள்ளிவாசல்களின் கல்தூண்கள் நம் கோயில் மண்டபத்தை நினைவூட்டும். உருவச் சிற்பம் மட்டும் இருக்காது. தெருக்களுக்கு இடையே ஒடுங்கிய முடுக்குகள். பெண்கள் பெரிய தெருவுக்கு வராமலே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்வர விட்ட வழிகள்.

கடற்கரையில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். மணலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு காயல் அம்மா, எந்த ஊர் என்று கேட்டுப் பேச்சுக் கொடுத்தார். “சிவகாசிப் பக்கமா, வெடி போடுற ஊரா?” என்றார். பதிலுக்கு இவர்களுக்குக் கிடைத்த செய்தி அந்த நாளின் பெரிய ஆச்சரியம். இந்த ஊரில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார்; வீடு மகளுக்குத்தான். மாமியார் வீட்டில் காலடி வைத்த கதையைப் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு விதமாக வைத்திருந்தார்கள். அதில் இரண்டு மூன்றை அந்த அம்மாவிடம் சொன்னார்கள். அவர் டப்பாவைத் திறந்து, காயலுக்கே உரிய தம்மடையை ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். இவர்கள் கையில் மிச்சமிருந்த புளிச்சோற்றைக் கொடுக்கக் கூச்சப்பட்டு, கருப்பட்டியில் ஒரு வட்டைக் கொடுத்தார்கள். அது அவர் வீட்டில் எப்போதும் இருக்கிற பொருள்தான்; ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழி தூத்துக்குடி, எட்டயபுரம், கோவில்பட்டி, சாத்தூர். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, உமறுப்புலவர் நினைவிடம், முத்துசுவாமி தீட்சிதர் சமாதி மூன்றும் உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு மூன்றும் இருட்டுதான். பகலில் வந்தால் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். வேனில் டிரைவர் தம்பியும், அவருக்குத் தூக்கம் வராமல் பேச்சுக் கொடுக்கும் பொறுப்பில் ஒரு மதினியும் மட்டும் விழித்திருந்தார்கள்.

சாத்தூரில் வைப்பாற்றுப் பாலத்தில் ஏறியபோது மணி பத்தரை. மழைக்காலத்துத் தண்ணீர் கொஞ்சம் ஓடியது. பேரன் சங்கைக் காதில் வைத்தபடியே தூங்கியிருந்தான். மகள், “இந்த ஆறு அங்கதான் போகுது, கடலுக்கு” என்றாள். பக்கத்தில் இருந்த அத்தை தூக்கக் கலக்கத்தில் “ம்” என்றார்.

தாயில்பட்டியில் இறங்கும்போது தூக்குச்சட்டிகள் மாறிப்போய் ஒரு சின்னத் தகராறு. பனை ஓலைப் பெட்டிகளும் எல்லாம் ஒரே மாதிரி. எது யாருடையது என்று தெருவிளக்கு வெளிச்சத்தில் பிரித்து எடுத்தார்கள். வரும் புதன்கிழமை ஆலையில் பூஜை. சிந்தடிக் சேலையைத் துவைத்து மடித்து வைக்க இரண்டு நாள் இருக்கிறது. மூத்த அக்கா வேனிலிருந்து கடைசியாக இறங்கினார். டிரைவர் தம்பியிடம் மிச்சப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, அடுத்த சீட்டு பொங்கலிலிருந்து என்று அங்கேயே அறிவித்தார். இடம் இன்னும் முடிவாகவில்லை. ராமேசுவரம் என்று ஒரு கட்சி, வேளாங்கண்ணி, நாகூர் என்று மறு கட்சி.